மாப்பிள்ளை அனுப்பிய தங்கப் பூ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, என் மகளும் மாப்பிள்ளையும் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கிறார்கள். சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றுப் பக்கம் நடக்கப் போனவர்கள் ஒரு படம் அனுப்பினார்கள். மரத்தடியில் தரையிலிருந்தே எழும்பிய ஒரு செடி, முழங்கால் உயரம்தான் இருக்கும், உச்சியில் தங்கக் காசைக் கோத்த மாதிரி ஏழெட்டுப் பூ. பக்கத்துப் பலகையில் கின்ரான் என்று எழுதியிருந்ததாம். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார்கள். ஒரு கிழங்கு எடுத்து வரச் சொல்லிக் கொல்லையில் வைத்தால் வருமா? காவிரித் தண்ணீர் பாயும் வண்டல் மண், எதை வைத்தாலும் வரும். படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவையாறு

பதில்: எடுத்து வரச் சொல்லாதீர்கள் அம்மா. பதில் நீளப் போகிறது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செடி உங்கள் கொல்லையில் வராது. டோக்கியோவிலேயே வீட்டுத் தோட்டத்தில் வைத்தவர்களுக்கும் வரவில்லை.

படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவ்வளவு அழகு. கின் என்றால் ஜப்பானிய மொழியில் பொன், ரான் என்றால் ஆர்க்கிட், பெயரே பொன் ஆர்க்கிட்தான். மூங்கில் இலையைக் கொஞ்சம் அகலப்படுத்தியது போல, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக ஓடும் இலை. இலையின் அடி தண்டைச் சுற்றிக் கட்டிப் பிடித்திருக்கிறது, அப்படி இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக ஏறிப் போய் உச்சியில் பூங்கொத்து. பூக்கள் எல்லாம் பாதி மூடியே இருக்கின்றன பாருங்கள், அது மொட்டும் இல்லை வாட்டமும் இல்லை, இந்தப் பூ விரிவதே அவ்வளவுதான். வலது பக்கம் இரண்டாவது பூவின் வாய்க்குள் செங்கல் நிறத்தில் கோடு கோடாக மேடு தெரிகிறதே, அது கீழ் உதட்டின் மேல் ஓடும் வரப்பு. சின்னத் தேனீக்கள் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

சரி, ஏன் வராது? மண் போதாது என்று யாரும் சொல்ல முடியாது, திருவையாற்று வண்டலுக்கு என்ன குறை. கின்ரானுக்குக் கிழங்கும் கிடையாது. மண்ணுக்கடியில் ஒரு குட்டையான தண்டும் அதிலிருந்து கயிறு கயிறாக வேர்களும் இருக்கும், அவ்வளவுதான். அந்த வேருக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. அதே பூஞ்சையின் இழை, நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து போய்ப் பக்கத்தில் நிற்கும் ஓக் மரத்தின் வேர் நுனியைப் போர்வை மாதிரி மூடியிருக்கிறது. கோனாரா என்று அங்கே சொல்லும் ஒரு வகை ஓக் மரம் அது. மரம் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கும், பூஞ்சை மண்ணிலிருந்து உறிஞ்சிய தண்ணீரையும் சத்தையும் மரத்துக்குக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவில் கின்ரான் போய் உட்கார்ந்துகொண்டு, பூஞ்சை வழியாக மரத்தின் சாப்பாட்டில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. தன் உடம்பைக் கட்டத் தேவையான கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே, அது இப்படித்தான் பெறுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்போம், இங்கே மண்ணுக்கடியில் வயிறும் ஒன்றாகவே கிடக்கிறது.

இப்போது உங்கள் கொல்லைக்கு வருவோம். தென்னை, மா, வேம்பு, பூவரசு, வாழை, இதெல்லாம் இருக்கும் என்று நினைக்கிறேன். இவற்றின் வேரிலும் பூஞ்சை உண்டு, ஆனால் அது வேருக்குள்ளே புகுந்து வாழும் வேறு வகை. வேர் நுனியை வெளியிலிருந்து மூடும் அந்த ஓக் மரத்துப் பூஞ்சை இந்த மரங்களோடு சேராது. செடியைத் தனியாகப் பெயர்த்து வைத்தால் தண்டில் சேர்த்து வைத்திருப்பதைத் தின்று ஒரு வருடம், மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று வருடம் தலைகாட்டும், பிறகு எழும்பாது. ஜப்பானில் ஆசைப்பட்டுத் தோண்டிப் போனவர்களில் பெரும்பாலோருக்கும் இதுதான் நடந்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் தரைக்கு மேல் ஒன்றுமே இருக்காது, எல்லாம் காய்ந்து மறைந்து, குளிர் முடிந்ததும் மறுபடி முளைக்கும். அந்தக் குளிர் நம் மார்கழியில் ஏது?

சட்டமும் இருக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது. நம் நாட்டுக்குள் செடியைக் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும், நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும். மாப்பிள்ளையை விமான நிலையத்தில் நிற்க வைக்காதீர்கள். அடுத்த சித்திரையிலும் அதே இடத்துக்குப் போய் அதே செடியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அது எத்தனை பூ கூடுதலாக விட்டது என்று பார்ப்பதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

கேள்வி: பச்சை இலை இருக்கும் செடி எதற்காகப் பூஞ்சையிடம் போய்ச் சாப்பாடு எடுக்க வேண்டும்? இலையே சமைத்துக்கொள்ளாதா?
— கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

பதில்: முந்தின கேள்வியை உங்களுக்கு முன்னாலேயே யாரோ காட்டியிருக்கிறார்கள் போல, சரியான இடத்தில் பிடித்தீர்கள். இலை சமைக்கிறது. ஆனால் கோனாரா தோப்பில் வெயில் தரைக்கு வருவது கொஞ்ச காலம்தான். மரங்கள் துளிர்க்கும் முன் வெளிச்சம் விழும், துளிர்த்துக் கிளை மூடிய பிறகு தரையில் அந்திக் கருக்கல் மாதிரி இருக்கும். அந்த இருட்டில் மற்ற செடிகள் திணறும்போது கின்ரானுக்கு இரண்டாவது அடுப்பு ஒன்று மண்ணுக்குள் எரிகிறது.

இதற்கு நேரடியான சாட்சியும் உண்டு. எப்போதாவது கின்ரானில் பச்சையமே இல்லாத செடி முளைக்கும். தண்டு வெள்ளை, இலை வெள்ளை, கிட்டத்தட்ட காளானின் நிறம். வேறு எந்தச் செடியாக இருந்தாலும், நம் நெல் நாற்றங்காலில்கூடப் பார்த்திருப்பீர்கள், அப்படி வெள்ளையாக முளைத்த நாற்று விதைப்பால் தீர்ந்ததும் செத்துவிடும். வெள்ளைக் கின்ரான் சாகாமல் வளர்ந்து பூக்கவும் செய்கிறது. ஒரு துளி வெயிலைக்கூடச் சமைக்கத் தெரியாத செடி உயிரோடு நிற்கிறது என்றால் முழுச் சாப்பாடும் கீழேயிருந்துதான் வருகிறது, வேறு வழியே இல்லை.

கேள்வி: எங்கள் அண்ணன் மகனும் ஜப்பானில்தான் இருக்கிறான். அந்தப் பூவைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்களாம், ஆனால் அதே தோப்பில் ஆட்கள் கத்தி வைத்துக்கொண்டு புதர் வெட்டுகிறார்களாம். காப்பாற்றுகிறவர்கள் எதற்குக் காட்டை வெட்டுகிறார்கள்?
— விவசாயி, நீடாமங்கலம்

பதில்: இந்தக் கேள்விக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கொளுஞ்சியும் பூவரசந்தழையும் சேற்றில் மிதித்த தலைமுறையாக இருக்கலாம்.

அந்தத் தோப்புகளை ஜப்பானில் சாதோயாமா என்கிறார்கள். ஊரை ஒட்டிய குன்று, ஊர்க்காடு என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் கால் வைக்காத காடு அது கிடையாது, பல நூறு வருடமாக ஊர் ஆட்கள் புழங்கிய காடு. ஓக் மரத்தை 15, 20 வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டிக் கரி சுடுவார்கள். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து அடுத்த சுற்றுக்கு வந்துவிடும். குளிர்காலத்தில் தரையில் விழுந்த சருகை வாரிக்கொண்டு போய் மக்க வைத்து வயலுக்குப் போடுவார்கள். விறகுக்குச் சுள்ளி பொறுக்குவார்கள். இப்படி வருடா வருடம் சருகும் புதரும் குறைந்துகொண்டே இருந்ததால் தரையில் வெளிச்சம் விழுந்தது, அந்த வெளிச்சத்தில்தான் கின்ரான் சாதாரணப் பூவாக எங்கும் பூத்துக் கிடந்தது.

அப்புறம் வீட்டுக்கு வீடு கேஸ் வந்தது, வயலுக்கு மூட்டை உரம் வந்தது. 1960-களுக்குப் பிறகு கரியும் சருகும் யாருக்கும் தேவையில்லை. கைவிட்ட தோப்புகளில் சசா என்ற குட்டை மூங்கில் இடுப்பு உயரத்துக்கு மண்டி, இலையுதிராத மரங்களும் ஏறி, தரை இருண்டுவிட்டது. இன்னொரு பக்கம் டோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகளில் பெரிய பரப்பை வெட்டிச் சமன்செய்து புதுநகரம் கட்டினார்கள், 1971-லிருந்து ஆட்கள் குடிவந்தார்கள். மிஞ்சின செடிகளைத் தோட்டத்துக்கு என்று தோண்டிப் போனவர்களும் உண்டு. 1997-இல் ஜப்பான் அரசின் செடிகளுக்கான சிவப்புப் பட்டியல் வந்தபோது, அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் வகைகளில் கின்ரானும் இருந்தது. தாத்தா காலத்தில் வேலியோரம் பார்த்த பூ அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

ஆகவே கத்தியோடு வருகிறவர்கள் வெட்டுவது அந்தக் குட்டை மூங்கிலை. முன்பு பிழைப்புக்காகச் செய்த வேலையை இப்போது ஓய்வு நாளில் வந்து சம்பளமில்லாமல் செய்கிறார்கள். கயிறு, செடியை மிதிக்காமலிருக்க. கத்தி, செடிக்கு வெளிச்சம் கிடைக்க. இரண்டும் சேர்ந்தால்தான் பூ நிற்கும். வெறும் வேலி போட்டு மூடிவிட்டால் வேலிக்குள்ளேயே அது காணாமல் போகும். நம் கொள்ளிடப் படுகையில் மூங்கில் கொல்லைகளையும் ஊர்த் தோப்புகளையும் நினைத்துப் பாருங்கள். யாராவது போய்ச் சுள்ளி எடுத்து, ஆடு மேய்த்து, தழை அறுத்துப் புழங்கிய வரையில் அந்த இடத்துக்கு ஒரு முகம் இருந்தது. புழக்கம் நின்ற இடத்தில் இன்று சீமைக்கருவேலம்தான் நிற்கிறது.

கேள்வி: ஆன்லைனில் தங்கநிற ஆர்க்கிட் விதை என்று ஐம்பது விதைப் பாக்கெட் விற்கிறார்கள். வாங்கலாமா?
— குடும்பத் தலைவி, திருத்துறைப்பூண்டி

பதில்: வாங்க வேண்டாம். ஆர்க்கிட் விதையை எண்ணி ஐம்பது போட முடியாது அம்மா, அது முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருக்கும். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில வகைகளில் லட்சக்கணக்கில் இருக்கும். நெல்லுக்குள் மாவு இருக்கிறது, அவரைக்குள் பருப்பு இருக்கிறது, முளைக்கும் குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த சோறு அது. ஆர்க்கிட் விதைக்குள் அந்தக் கட்டுச்சோறே கிடையாது. மண்ணில் விழுந்து சரியான பூஞ்சை வந்து தொட்டால் முளைக்கும், இல்லாவிட்டால் மண்ணோடு மண். இதை 1899-இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டுபிடித்தார். 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் என்பவர், பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை சேர்த்த கூழில் வைத்தாலும் முளைக்கும் என்று காட்டினார், இன்று கடைக்கு வரும் ஆர்க்கிட் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் கண்ணாடிக் குடுவைக்குள் பிறந்தவைதான். பாக்கெட்டில் கடுகு அளவு, மிளகு அளவு என்று எதை அனுப்பினாலும் அது வேறு ஏதோ ஒரு செடியின் விதை. நர்சரியில் செடியாகப் பார்த்து வாங்குங்கள், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: ஆர்க்கிட் என்றாலே ஊட்டி, கொல்லிமலை, வெளிநாடு என்றுதான் எல்லோரும் எழுதுகிறீர்கள். நம் டெல்டாவில் தரையில் முளைக்கும் ஆர்க்கிட் ஒன்றுகூடவா கிடையாது?
— வாசகர், வேதாரண்யம்

பதில்: இருக்கிறது ஐயா, உங்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

சோழமண்டலக் கரையில் கடலோர மணல்மேட்டில் வளரும் வறண்ட பசுமைமாறாக் காடு என்று ஒன்று உண்டு. உயரமில்லாத, நெருக்கமான, முள்ளும் கொடியும் பின்னிய காடு. கோடியக்கரையில் மிச்சமிருப்பது அந்த வகைதான், உலக்கைப் பாலை மரம்தான் அங்கே ராஜா. 1967-இல் சரணாலயம் ஆனதால் அது நிற்கிறது, 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எத்தனை மரத்தைச் சாய்த்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட காட்டின் மிச்சங்கள் கடலூர், புதுச்சேரி வரை ஐயனார் கோயில் தோப்புகளாகவும் சிதறிக் கிடக்கின்றன. இந்தக் கரையோரப் புதர்க்காடுகளில் வளரும் தரை ஆர்க்கிட் ஒன்று உண்டு, அதன் தாவரவியல் பெயர் யூலோபியா எபிடென்ட்ரியா. பூ தங்க நிறம் என்று சொல்ல மாட்டேன், மஞ்சள் கலந்த பச்சை, நடுவில் வெள்ளை உதடு, அதில் சிவப்புக் கோடுகள்.

ஒருமுறை கடலோர ஊர் ஒன்றில் ஐயனார் தோப்புக்குள் பூசாரி அழைத்துப் போனார். சூரைமுள் சட்டையைப் பிடித்து இழுக்க, குனிந்து குனிந்துதான் போனோம். ஒரு காரைப் புதரின் அடியில், மணலுக்கு மேல் பாதி தெரிய, பச்சையாகக் கணு கணுவான நான்கைந்து குமிழ்கள். கோரைப்புல் மாதிரி இலை. அதற்குப் பக்கத்திலிருந்து பூந்தண்டு ஒன்று முள்ளுக்குள் புகுந்து என் இடுப்பு உயரத்துக்கு மேலே எழும்பி நின்றது. கீழ்ப்பூக்கள் காயாகித் தொங்க, மேலே மூன்று பூ மட்டும் பாக்கி. மண்டியிட்டுப் பார்த்தேன். உதட்டில் ஓடும் சிவப்புக் கோடு, பேனா மையால் யாரோ நிதானமாக இழுத்தது போல் இருந்தது, விளிம்பு வரை போகாமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. பூசாரி, "இதை ஆடு கடிக்காதுங்க, முள்ளுதான் காவல்" என்றார். அவருக்கு அதன் பெயர் தெரியாது, ஆனால் எந்தப் புதருக்குள் எத்தனை தண்டு வரும் என்று தெரிந்திருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் போனேன். திருவிழாவுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று பொக்லைன் விட்டுத் தோப்பின் அடியைச் சுத்தம் செய்திருந்தார்கள். பெரிய மரங்கள் ஒன்றுகூடப் போகவில்லை, நிழல் அப்படியே இருந்தது. தரைதான் வழித்து எடுத்த மாதிரி இருந்தது. மரம் நின்றால் தோப்பு நிற்கிறது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம். அந்த ஆர்க்கிட்டுக்கு வீடு அந்தப் புதரும், முள்ளும், மக்கிய சருகு கலந்த மணலும்தான். அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றுவரை தீரவில்லை. உங்கள் ஊர் ஐயனார் தோப்பைச் சுத்தம் செய்யும் பேச்சு வந்தால், தயவுசெய்து கோயிலுக்குப் பின்பக்கப் புதரையாவது தொடாமல் விடச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1768-இல் டென்மார்க்குக்காரர்கள் வசமிருந்த நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர் யோகான் கேர்ஹார்ட் கோனிக். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர். நம் கரைச் செடிகளை அலைந்து அலைந்து சேகரித்து எழுதினார். மேலே நான் சொன்ன ஆர்க்கிட்டை செராபியாஸ் என்ற பேரினத்தில், அதாவது ஒத்த செடி வகைகளைச் சேர்த்து வைக்கும் தொகுதியில், வைத்து எபிடென்ட்ரியா என்று பெயர் கொடுத்தவர் அவர்தான். 1785-இல் அவர் இறந்தார், அவருடைய ஆர்க்கிட் குறிப்புகள் 1791-இல் அச்சாயின. அதே லின்னேயஸின் இன்னொரு மாணவர் கார்ல் பீட்டர் துன்பெரி, ஜப்பானில் நாகசாகிக்கு எதிரே தெஜிமா என்ற குட்டித் தீவில் டச்சுக்காரர்களின் மருத்துவராக 1775, 1776-இல் இருந்தார். அவர் 1784-இல் எழுதிய ஜப்பான் செடிகளின் நூலில் நம் திருவையாற்று ஆசிரியையின் கின்ரானுக்கும் பெயர் வைத்தார், அதையும் செராபியாஸ் என்ற அதே பேரினத்தில்தான் வைத்தார். ஒரே ஆசிரியரிடம் படித்த இருவர், ஒருவர் தரங்கம்பாடியிலிருந்து, ஒருவர் தெஜிமாவிலிருந்து, தரையில் முளைத்த இரண்டு ஆர்க்கிட்டையும் ஒரே பேரினப் பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் இரண்டையும் பிரித்து வேறு வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். தரங்கம்பாடிக் கோட்டையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரும் நினைவுக்கு வருவார்கள்.

அசல் தங்க நிறம்தான் வேண்டும் என்றால் அதுவும் தென்னிந்தியாவில் உண்டு. வறண்ட புதர்க்காடுகளிலும் இலங்கையிலும், தரையில் தொடங்கிப் புதர் மேல் பற்றிப் படரும் ஒரு ஆர்க்கிட், தடித்த இலை, சுத்தமான பொன் மஞ்சள் பூ. வாண்டா ஸ்பாதுலாட்டா என்று நெடுநாள் சொன்னார்கள், இப்போது டாப்ரோபேனியா என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். டச்சு ஆளுநர் வான் ரீடு கேரளத்து மருத்துவர்களின் துணையோடு தொகுத்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலின் கடைசித் தொகுதியில் இதன் படம் இருக்கிறது. அங்கே அதன் பெயர் பொன்னாம்பூ மரவாழை. ஜப்பானியர் பொன் என்று சொன்னதையே கேரளத்து மருத்துவர்களும் தங்கள் மொழியில் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சாலாமிசிரி ஆர்க்கிட் கிழங்கு என்று ஒரு உறவினர் சொல்கிறார். உண்மையா?
— வணிகர், கும்பகோணம்

பதில்: உண்மைதான். மிசிரி என்பது எகிப்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது, சாலா என்பது நரியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தரை ஆர்க்கிட் சிலவற்றுக்கு மண்ணுக்கடியில் இரட்டைக் கிழங்கு இருக்கும், ஒன்று போன வருடத்துச் சுருங்கியது, ஒன்று அடுத்த வருடத்துக்கான கொழுத்தது. பார்ப்பதற்கு விரை மாதிரி இருப்பதால் கிரேக்கர்கள் அதையே பெயராக வைத்தார்கள், ஆர்க்கிட் என்ற சொல்லே அங்கிருந்துதான் வந்தது. உருவத்தைப் பார்த்து ஆண்மைக்கு நல்லது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. பொடியைப் பாலில் போட்டால் கொழகொழவென்று கெட்டிப்படும், கிழங்கில் உள்ள மாவுப்பசையின் வேலை அது. துருக்கியில் ஐஸ்கிரீமை இழுக்க இழுக்க நீளச் செய்வதும் இதே பொடிதான்.

உள்ளங்கையும் விரலும் போல் பிரிந்திருக்கும் வகையைச் சாலாம் பஞ்சா என்பார்கள். அது இமயமலையின் உயர்ந்த புல்வெளிகளிலிருந்து வருகிறது, அந்தச் செடி இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஒரு கிலோ பொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடியைத் தோண்ட வேண்டும், தோண்டியது ஒன்றும் மறுபடி முளைக்காது. வைத்தியர் எழுதிக் கொடுத்தால் இதற்கு மாற்றாக வேறு என்ன சேர்க்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் கடை வைத்திருப்பவர் என்று தெரிகிறது, முடிந்தால் சரக்கு எடுப்பதை நிறுத்துங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: தோண்டவும் கூடாது, விதையும் வாங்கக் கூடாது என்றால் மஞ்சள் தரை ஆர்க்கிட் வீட்டில் வைக்க வழியே இல்லையா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாக வைக்கலாம். நர்சரியில் கிரவுண்ட் ஆர்க்கிட் என்று கேளுங்கள், ஸ்பாத்தோகுளோட்டிஸ் என்ற வகையைக் கொடுப்பார்கள். தென்னங்கன்று இலையைப் போல மடிப்பு மடிப்பான இலை, நடுவில் நீண்ட தண்டு, நுனியில் பூ. ஊதா நிறம் அதிகம் கிடைக்கும், மஞ்சளும் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். இது வெப்பமண்டலச் செடி, நம் சூட்டுக்குப் பழகியது, நர்சரியிலேயே பெருக்கிய செடி என்பதால் எந்தக் காட்டிலிருந்தும் ஒரு வேர்கூடப் போகவில்லை.

நம் ஊரில் இதற்கு எதிரி வெயில் இல்லை, களிமண். தரையில் நேராக நட்டால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குமிழ் அழுகிவிடும். தொட்டியில் வையுங்கள். அடியில் ஓட்டுச் சில்லு, அதன்மேல் ஆற்று மணல் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, மக்கிய தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, கொஞ்சம் மண்புழு உரம். குமிழ் பாதி வெளியே தெரிய வேண்டும், புதைத்துவிடாதீர்கள். காலை வெயில் படும்படி கிழக்கு வாசல் பக்கம் வையுங்கள், மதிய வெயில் இலை நுனியைக் கருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவாக இருந்தால் மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள், உப்புக்கு இது தாங்காது. பூத்து முடித்த தண்டை அடியோடு வெட்ட வேண்டாம், மொட்டு வைத்த நுனி தொடர்ந்து வளர்ந்துகொண்டே வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பூக்கும், முழுசாகக் காய்ந்த பிறகு எடுத்தால் போதும். இரண்டு வருடத்தில் தொட்டி நிறையக் குமிழ் கட்டியிருக்கும். தை மாதம் பிரித்து மூன்று மூன்று குமிழாக வேறு தொட்டியில் வைத்து, ஒன்றைத் திருவையாற்று ஆசிரியை போல ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள்.